பார்த்துக்கொள்ளுதல் என்னும் வேலை

மகன் வெளிநாட்டிலிருந்து பேசும்போதெல்லாம் ஒரே சொல்லில்தான் பேச்சை முடிப்பான்.

"அப்பாவப் பாத்துக்குங்கம்மா."

அவனுக்கு அது படுக்கப்போகும் நேரம், எனக்கு விடியற்காலை. கைப்பேசியை வைத்த பிறகும் அந்தச் சொல் அடுக்களையை விட்டுப் போகாது. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே அதைப் பிரித்துப் பார்ப்பேன். கோயம்புத்தூரில் ஒரு மகளிர் கல்லூரியில் பணி ஓய்வு பெறும்வரை தமிழ் கற்பித்தவள் நான். மற்றப் பெண்களின் கை கீரை ஆய்வதுபோல என் மனம் சொற்களை ஆயும்.

வகுப்பில் துணைவினைகளைச் சொல்லித்தரும்போது கரும்பலகையில் நான் எப்போதும் எழுதும் எடுத்துக்காட்டு இதுதான்: பார், கொள், பார்த்துக்கொள். 'பார்த்தல் வெளியே செல்லும் செயல். கொள் என்பது அச்செயலின் பயனைச் செய்பவரிடமே திருப்பிக் கொண்டுவருகிறது' என்பேன். மாணவியர் தலையை ஆட்டி எழுதிக்கொள்வார்கள். என்ன பயன் திரும்பி வருகிறது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்று என்னிடம் விடையும் இருந்திருக்காது.

என் கணவர் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஊரார் வழக்கில் ஸ்பின்னிங் மாஸ்டர். ஓய்வுக்குப் பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் கட்டிய சிறிய வீட்டில், முருங்கையும் இரண்டு தென்னையும் வைத்துக்கொண்டு, பெரிய குறையின்றி இருந்தோம். ஒருநாள் காலை தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் கீழே சரிந்தார். தண்ணீர்க்குழாய் கையிலிருந்து நழுவி அவர்மேலேயே நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. அறிவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது நற்பேறு என்று மருத்துவர் சொன்னார். அதைப்பற்றி எனக்கு இன்றும் உறுதியில்லை.

மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுத்தார்கள். அவர் அதை இடக்கையால் பிடுங்கிப் போட்டார். மறுபடி விட்டார்கள், மறுபடி பிடுங்கினார். கடைசியில் கட்டுத்துணியால் அந்தக் கையைக் கட்டிலின் கம்பியோடு கட்டிவைத்தார்கள். நூல் அறுந்தால் ஓடும் பொறியை நிறுத்தாமலே ஒட்டும் கை அது. கட்டுண்ட கையை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் அவர் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இதுவரை நான் சொல் தேடவில்லை.

வீட்டுக்கு அழைத்துவரும்போது மருத்துவரிடம் மன்றாடிக் குழாயை எடுத்துவிட்டேன். கட்டளை தெளிவாக இருந்தது: நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியான கஞ்சியைச் சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். உடல் எடை குறைந்தாலோ உண்ண மறுத்தாலோ குழாய் மீண்டும் வரும்; அதன் பின்னர் எடுப்பதற்கில்லை. அன்று மாலை கட்டிலருகே குனிந்து அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

"இனி அந்தக் கொழாய் வேண்டாமுங்க. நீங்க வாயத் தொறந்தாப் போதும். மிச்சத்த நாம் பாத்துக்கறேன்."

அவர் என் விரலை ஒருமுறை அழுத்தினார். ஒருமுறை அழுத்தினால் ஆம். இருமுறை என்றால் இல்லை. எங்கள் இல்லறத்தின் பேச்சு முழுவதும் அவ்வளவுக்குள் அடங்கிவிட்டது.

அந்த நாள்களில் சொற்கள் எனக்குத் துணையாக இருந்தன. பழைய நூல்களில் காத்தல் பொருளில் எத்தனையோ சொற்கள் உண்டு. பேணுதல் என்றால் காப்பது மட்டுமன்று. விரும்புவதும் வழிபடுவதும் அதற்குள் அடங்கும். நோக்குதலுக்குப் பார்த்தல் என்பதோடு பாதுகாத்தல் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் அந்த நோக்கு என்பதே பார்த்துக்கொள்வதற்கும் உரிய சொல். ஓம்புதல் என்பது எல்லாவற்றிலும் விந்தையானது. காத்தல் என்றும் பொருள். விலக்குதல் என்றும் பொருள். ஒன்றைக் காக்க வேண்டுமானால் வேறொன்றை அதன் அருகே வரவிடாமல் தள்ளிவைக்க வேண்டும் என்பதைச் சொல்லை ஆக்கியவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

இப்போது எங்கும் வழங்கும் பராமரிப்பு என்ற சொல்லின்மேல் எனக்குப் பற்றில்லை. அது வடசொல் என்பதற்காக மட்டும் அன்று. என் கணவரின் ஆலையில் பொறிகளுக்கு எண்ணெய் விடுவதற்கும் அதுதான் பெயர். மகன் கைப்பேசியில் படம் அனுப்பிவைத்த முதியோர் விடுதியின் பலகையிலும் அதுதான் இருந்தது. அந்தப் படத்துக்கு நான் மறுமொழி எழுதவில்லை.

அடுத்த வீட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு குடும்பம். பம்பு உதிரிப்பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டம்மாள் என்னிடம் எங்களைப்போலவே தமிழ் பேசுவார். தம் மருமகளிடம் தெலுங்கு. ஒருநாள் பேரக்குழந்தையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு 'சூசுகோ' என்று சொல்லிப்போனது மதில் வழியே கேட்டது. பார்த்து, கொள். அவர்கள் மொழியிலும் அப்படியே. இரு மொழிக்கும் பொதுவான அந்தச் சொல் எந்தக் காலத்தில் எந்தத் தாய்மடியில் பிறந்தது என்று எண்ணியபடி ஒரு பிற்பகல் முழுவதும் கழித்தேன். என் கணவர் உறங்கிக்கொண்டிருந்தார். அப்படி ஓர் அமைதி அதன் பிறகு வாய்க்கவில்லை.

ஏனென்றால் பார்க்க வருபவர்கள் வரத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெருங்குற்றம். ரொட்டியும் ஆரஞ்சும் ஆர்லிக்சுமாக வருவார்கள். அவரால் விழுங்க முடியாத அனைத்தும் மேசைமேல் குவிந்தன. வந்தவர்கள் அவரைப் பார்ப்பார்கள். பிறகு அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னோடு பேசுவார்கள். காப்பி குடிப்பார்கள். எழும்போது மறவாமல் அவர் பக்கம் திரும்பி, "வாரனுங்க மாமா", "வாரேஞ் சித்தப்பா" என்பார்கள்.

கொங்கு நாட்டில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லி ஒரு வீட்டைவிட்டு இறங்குவதில்லை. வாரேன் என்பதுதான் விடைபெறும் சொல். திரும்பி வரும் எண்ணம் எள்ளளவும் இல்லாதவரும் அதைத்தான் சொல்வார். அதைச் சொல்லாமல் இறங்கும் வீடு ஒன்றே ஒன்று: இழவு வீடு. அங்கே வாரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும். எனவே எழுந்து, ஒருவரையும் பாராமல் நடந்துவிட வேண்டும். குழந்தைகளுக்குக்கூட இது தெரியும்.

என் கணவருக்கு உடன்பிறந்தவர் ஒரே தமக்கை. கொடுமுடியில் வாழ்க்கைப்பட்டுக் கணவரை இழந்து மகனோடு இருந்தவர். நங்கையா என்று நான் அழைப்பது அவரைத்தான். தாய் இறந்த பிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவர் மகனுடைய மகிழுந்தில் ஒரு வாழைத்தாரும் நாட்டுச்சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏஞ் சாமி, நூல் மில்லுக்காரன் நூலாட்டமே ஆயிட்டயே."

என் கணவர் முகத்தின் இடப்பாதி சிரித்தது. படுத்த பிறகு வந்த முதற்சிரிப்பு.

"சிரிச்சாப் பாதி மூஞ்சிதான் வருது. மீதிய எங்க அடமானம் வெச்ச?" என்றார் நங்கையா. அதன்பின் அதிகம் பேசவில்லை. தம்பியின் இடக்கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த காப்பியைப் பாதி குடித்தார். எழுந்தார். உள்ளங்கையைத் தம்பியின் உச்சந்தலையில் வைத்தபடி சற்று நின்றார். பிறகு திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, மகிழுந்தில் ஏறி, நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றும் சொல்லவில்லை.

அவர் மகன் வெளிக்கதவருகே என்னிடம் "வாரனுங் அத்தை" என்றது உள்ளே கேட்டிருக்காது. நான் திரும்பி வந்தபோது என் கணவர் சாளரத்தின் வழியே வெறுமையான வாயிற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை கரண்டியைக் கொண்டுபோனேன். உதடு பிரியவில்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் தேன் தொட்டு உதட்டில் தடவினேன், துடைத்துவிட்டார். அடுத்த வீட்டம்மாள் ஒரு கிண்ணத்தில் மிளகுநீர் கொண்டுவந்தார்.

"வாயில புண்ணு கிண்ணு இருக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க டீச்சரக்கா."

"வாயத் தொறந்தாத்தானே டார்ச் அடிக்கறதுக்கு?"

"எங்கூட்டுக்காரரு வாய மூடுனாத் தேவலைன்னு நாங் கெடக்கறேன். சாமிக்கு ஆளாளுக்கு ஒரு வெளையாட்டு" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் போனபின் அடுக்களையில் நின்று அழுதேன்.

மருத்துவர் கைப்பேசியில், "இன்னும் ஒரு நாள் பாருங்க. இல்லாட்டி கூட்டிட்டு வந்துருங்க, ட்யூப் போட்டுரலாம்" என்றார். அவருக்கு அது நாள்தோறும் செய்யும் சிறுவேலை.

என் கணவர் அருகே உட்கார்ந்து கேட்டேன்.

"தொண்டை வலிக்குதுங்களா?"

இருமுறை அழுத்தினார்.

"கஞ்சி புடிக்கலீங்களா?"

இருமுறை.

கேட்க அஞ்சியதைக் கடைசியில் கேட்டேன். "நங்கையா வாரேன்னு சொல்லாமப் போயிட்டாங்கன்னுங்களா?"

அவர் அழுத்தவில்லை. கையை விலக்கிக்கொண்டார். இடக்கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. தம்மைச் சுமந்து வளர்த்தவரே தம்மை இறந்தவராக எண்ணி எழுந்துபோனபின் சோறு எதற்கு என்று அவர் முடிவு செய்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்கு நங்கையாமேல் கடுஞ்சினம் மூண்டது.

கொடுமுடிக்குப் பேசினேன்.

"ஆரு, அம்மணியா?"

"ஆமாங் நங்கையா. அவரு வாயத் தொறக்க மாட்டீங்கறாருங்க. நீங்க போனதிலிருந்து ஒரு வாய் உள்ள போகலீங்க."

"ஏனாமா?"

சொன்னேன். என் குரலில் சினம் தெரிந்திருக்க வேண்டும். மறுமுனையில் நெடுநேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"கிறுக்குப் பையன்" என்றார் கடைசியில். "எழுவது தாண்டியும் புத்தி வருல."

மறுநாள் முற்பகலில் வந்துவிட்டார். அவர் மகன் முகம் கடுகடுவென்று இருந்தது. "இந்த ஒடம்ப வெச்சுட்டு வண்டியேற வேண்டாம்னு டாக்டர் சொல்லியும் கேக்கலீங் அத்தை" என்று என்னிடம் முறையிட்டுவிட்டு முருங்கைமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

நங்கையா கட்டிலின்மேலேயே உட்கார்ந்தார்.

"ஏண்டா, எழவூட்டுல சொல்லாமப் போறாப்பல போயிட்டன்னு சோறு வேண்டாங்கறயாமா? நீ செத்துட்டன்னு நெனச்சிருந்தா ஒப்பாரி வெச்சிருக்க மாட்டேன்? ஒரு பொட்டுக் கண்ணுத்தண்ணி உட்டனா?"

அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

"இங்க திரும்பு. என்ற காலப் பாரு."

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார். இரண்டு கால்களும் வீங்கி மின்னின. விரலால் அழுத்தினார், குழி அப்படியே நின்றது.

"நெஞ்சுல தண்ணி கோத்துக்குது. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்துட்டேதான் தூங்கறேன். அன்னைக்கே இதுதான் கடைசி வாட்டின்னு தெரிஞ்சுதான் வந்தேன். வாரேன்னு சொல்லிப்போட்டு வராமப் போயிட்டா, நாம் பொய் சொன்னவளாயிருவேன். வேற ஆருகிட்ட வேணாலும் பொய் சொல்லுவேன். உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

மேட்டுப்பாளையம் போகும் தொடர்வண்டி தொலைவில் ஊதிச் சென்றது. அவர் மெதுவாக முகத்தைத் திருப்பித் தமக்கையின் காலைப் பார்த்தார். இடக்கையை நீட்டி அந்தக் குழியைத் தொட்டார். நானும் அவரும் அதைத் தவறாகவே படித்திருந்தோம். இறந்தவராக எண்ணி அவரை விட்டுப்போகவில்லை. போகப்போவது தாமே என்று அறிந்து நங்கையா வாய்மூடிப் போயிருக்கிறார்.

"சரி, இப்ப நாம் போகல. போனாத்தானே சொல்றதுக்கு?" என்று என் பக்கம் திரும்பினார் நங்கையா. "அம்மணி, இந்தக் கெழவியையுஞ் சேத்துப் பாத்துக்குவயா?"

"பாத்துக்கறனுங் நங்கையா."

அவர் மகன் தலையிலடித்துக்கொண்டு தனியே ஊர் திரும்பினான். ஆக, என் வீட்டில் இருவர் ஆனார்கள். ஒருவருக்கு உணவைக் கெட்டியாக்க வேண்டும். மற்றவருக்கு நீரைக் குறைக்க வேண்டும். ஒருவரை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். மற்றவர் நிமிர்ந்தே உறங்குவார். அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, நெய் விட்டுக் கொடுத்தால் நங்கையா தாமே தம்பிக்கு ஊட்டுவார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஓர் ஏச்சு.

"முழுங்கு. கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்காத, கொரங்காட்டம். கன்னுக்குட்டிக்குக்கூட இத்தன பண்டுதம் பாத்ததில்ல நானு."

பண்டுதம் எங்கள் பக்கத்துச் சொல். மாடு கன்றுக்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் செய்யும் பணிவிடை எல்லாவற்றுக்கும் அதுதான். நகரத்துக்கு வந்தபின் நான் அதைக் கேட்டே நெடுநாளாகியிருந்தது. மருத்துவத்துக்குப் பண்டுவம் என்று தமிழில் பழைய பெயர் உண்டு. அதன் திரிபாக இருக்கலாம். மருத்துவம் செய்தவர்களைப் பண்டிதர் என்று அழைத்த வழக்கிலிருந்து வந்தது என்பாரும் உளர். அப்படியானால் அது வடசொல். முன்பு இதைப்பற்றி யாரேனும் கேட்டிருந்தால் முதற்கருத்துக்காக வரிந்துகட்டி நின்றிருப்பேன். சோறு உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வாயிற்படியில் நின்ற எனக்கு அன்று எதுவாயினும் சரி என்றிருந்தது.

ஒரு பகல், ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டு நங்கையா சொன்னார்.

"ஏஞ் சாமி, எனக்குப் பொறந்தூட்டுக் கோடி நீதான் போடோணும், தெரியுமல்ல? நீ எந்திரிச்சு வந்தாத்தான் எனக்குப் புதுச்சீலை. இல்லீன்னா கட்டுன பழஞ்சீலையோடதான் சுடுகாடு போவோணும்."

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி என்னும் புதுச்சேலை வந்து அவள்மேல் போர்த்தப்பட வேண்டும். அதைக் கொண்டுவர வேண்டியவன் உடன்பிறந்தவன். அந்தச் சேலை வராமல் உடலை எடுக்க மாட்டார்கள்.

"பாலியஸ்டரு எடுத்துட்டு வந்துபோடாத. மில்லுக்காரன் அக்கா பாலியஸ்டர்ல போனான்னு சிரிப்பாங்க."

அவர் பாதி முகத்தால் சிரித்தார். தமக்கையின் முந்தானையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். ஆலையிலும் கடையிலும் எந்தத் துணியையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். எத்தனையாம் நம்பர் நூல், எங்கே கலப்பு என்று விரலாலேயே சொல்வார். கட்டியிருந்தது பாலியஸ்டர்தான். நங்கையா மூச்சிரைக்கச் சிரித்தார்.

ஆடி பிறப்பதற்குள் நங்கையாவின் மூச்சு மோசமாயிற்று. அவரை ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்க்க அவர் மகன் வந்தான். இருவர் தாங்க, கட்டிலருகே வந்து நின்றார். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். வாயிற்படியில் பையோடு நின்ற என்னை ஒருமுறை பார்த்தார்.

"வாரேங் கண்ணு" என்றார், தெளிவாக, உரக்க.

என் கணவர் அந்தக் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

அதன்பின் நாள்தோறும் சாளரத்தின் பக்கம் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிக் கண்ணால் காட்டுவார். வெளிக்கதவைப் பார்த்தபடியே உண்பார். தமக்கை சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாது என்றே நான் நம்பினேன். உண்மை தெரிந்தால் உதடு மீண்டும் மூடிவிடும் என்றும் நம்பினேன். ஒரு சொல்லின்மேல் ஓர் உயிர் உட்கார்ந்திருந்தது. நான் அதன் கீழே கை ஏந்தியபடி நின்றேன்.

ஆவணியில் ஒரு காலை கைப்பேசி ஒலித்தது. புறக்கடைக்குச் சென்று எடுத்தேன்.

"அத்தை, அம்மா போயிட்டாங்க." நங்கையாவின் மகன் மூக்கை உறிஞ்சினான். "கோடி..." என்றான், அதற்குமேல் சொல்ல இயலாமல்.

"கொண்டாறேன் கண்ணு."

என் மகனிடம் பேசினேன். அவனும் அழுதான். பிறகு, "அப்பாகிட்டச் சொல்லிராதீங்கம்மா. பாத்துக்குங்க" என்றான். இம்முறை அந்தச் சொல்லுக்குள் விலக்குதல் என்ற பொருள்தான் இருந்தது.

கல்லூரியில் ஒரு கூட்டம், பேச அழைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். கல்லூரிக்குப் போவதற்கென்று நான் வைத்திருந்த சாம்பல்நிறச் சேலையைக் கட்டிக்கொண்டேன். ஐயம் வராமலிருக்கப் படிக்கும் கண்ணாடியையும் எடுத்துப் பையில் வைத்தேன். அடுத்த வீட்டம்மாளை உட்காரவைத்துவிட்டு, வாடகை வண்டியில் புறப்பட்டு, வழியில் ஒரு கடையில் அரக்கு நிறத்தில் ஒரு பருத்திச் சேலை எடுத்தேன்.

கொடுமுடியில் எல்லாரும் சேலைக்காகக் காத்திருந்தார்கள். முதிய பெண் ஒருவர், "பொறந்தவன் வருலீங்களா?" என்றார். "படுத்திருக்கறாருங்க" என்றேன். "கோடியாச்சும் வந்துச்சே" என்று இன்னொருவர் என் கையிலிருந்து பையை வாங்கினார். நங்கையா படுத்துறங்குவதை நான் அன்றுதான் பார்த்தேன். சேலையை விரித்துப் போர்த்தினேன். காவிரிக்கரைக்கு எடுத்துச் சென்றபின், ஒருவரையும் பாராமல், ஒருவரிடமும் சொல்லாமல் வண்டியேறினேன்.

இழவு வீட்டிலிருந்து வந்தவள் குளிக்காமல் நோயாளியைத் தொடக்கூடாது. வேளையல்லாத வேளையில் ஈரத்தலையோடு உள்ளே போனால் அவர் கண்டுகொள்வார். ஆகவே அடுத்த வீட்டில் குளித்தேன். அவர்கள் மருமகள் மின்கருவியால் என் தலையை உலர்த்திவிட்டாள். கட்டிப்போன சேலையை அங்கேயே நனைத்துப் போட்டுவிட்டு, அந்த அம்மாள் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டேன். முடி நன்றாக உலர்ந்ததா என்று மருமகளிடம் மீண்டும் மீண்டும் கேட்டேன். சேலையைப்பற்றி எனக்கு நினைவே வரவில்லை.

கஞ்சியோடு அவரருகே உட்கார்ந்தேன். "கூட்டம் முடிய நேரமாயிருச்சுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். பிறகு பார்வை என் தோளில் இறங்கி நின்றது. காலையில் சாம்பல்நிறத்தில் போனவள் பச்சையில் வந்திருந்தேன். அவர் இடக்கையை நீட்டி என் முந்தானையின் ஓரத்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தார். அது என் சேலை இல்லை என்பது அந்த விரலுக்குத் தெரியாமலா போகும்?

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இனிக் குழாய்தான் என்று எண்ணினேன்.

அவர் முந்தானையை விடவில்லை. மீண்டும் ஒருமுறை தேய்த்தார். என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அது துணியைப்பற்றிய கேள்வி என்று எனக்கு விளங்கச் சற்றுநேரம் ஆயிற்று. என் தோளில் கிடந்த துணியைப்பற்றியது அன்று.

"பருத்திதானுங்க" என்றேன். "எம்பதாம் நம்பர் நூலுன்னு கடைக்காரர் சொன்னாருங்க. கலப்பு இல்லீங்க. அரக்குக் கலரு. உங்க பேரச் சொல்லித்தாம் போத்துனேன்."

என் விரலை ஒருமுறை அழுத்தினார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். சாளரத்துக்கு வெளியே வாயிற்படி இருளத் தொடங்கியது. அவரை அந்தப் பக்கத்திலிருந்து திருப்பிப் படுக்கவைக்கலாமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

கஞ்சி ஆறிவிட்டிருந்தது. எழுந்து போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். கரண்டியை அருகே கொண்டுபோனதும் கண்களைத் திறக்காமலே வாயைத் திறந்தார்.

விழுங்கத்தான் நெடுநேரம் ஆயிற்று.